நடுவில் இல்லாத ஸ்பீக்கர்

அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அவனுக்குப் பதில் மூன்று பெட்டிகள் வந்தன.

அதில் இரண்டு என் தோள் உயரம். பார்சல் வண்டியில் வந்த இருவர் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏற்றிக்கொண்டுவந்து ஹாலில் சாய்த்துவிட்டு, "உள்ள என்னக்கா, ஃபிரிட்ஜா?" என்று கேட்டார்கள். "எங்க அண்ணன்" என்றேன். ஒருவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம்தான் வேறொரு ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில், ஆறு மாதப் பயிற்சிக்கு என் பெயர் வந்தது. முடித்துத் திரும்பினால் லேபுக்கு நான்தான் பொறுப்பு. வருகிறேனா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் மெயில் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

அப்பாவைத் தனியாக விட முடியாது என்பதுதான் சிக்கல். எழுபத்தெட்டு வயது, முழங்கால் தகராறு. மில்லில் முப்பத்தைந்து வருஷம் தறிகளுக்கு நடுவே நின்று காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வாங்கிக்கொடுத்த காது மெஷின் விசிலடிக்கிறது என்று டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். அண்ணனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. ஒரு பகல் ரயிலில் உட்கார்ந்தால் வந்து சேர்ந்துவிடலாம். "ஆறு மாசம்தானே பாப்பா, நான் வந்து இருந்துக்கறேன். லேப்டாப் எங்க இருந்தா என்ன?" என்று போன மாதம் வாய்ப்பந்தல் போட்டான். எனக்கு வயது நாற்பத்தொன்று. அவனுக்கு நான் இன்னும் பாப்பா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள் என்பதால் என் நேரமும் குழந்தையின் நேரம்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டிச் சத்தம் கேட்காவிட்டாலும் தரை அதிர்ந்ததில் அப்பா எழுந்து வந்தார்.

"யாரு அனுப்பினது?"

"அண்ணன்பா!" என்று கத்தினேன். இந்த வீட்டில் உப்பு வேண்டும் என்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"பெரியவனா?" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. பெட்டியைத் தடவிப் பார்த்தார். "சாமானை முன்னாடி அனுப்பிட்டான். பின்னாடியே வருவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திரிக்கோலை எடுத்துவந்து நாடாவை வெட்டினேன்.

போன் அடித்தது. அவன்தான்.

"வந்துடுச்சா? அப்பாவுக்கு சர்ப்ரைஸ்! பவர்டு டவர் ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர் ரிசீவர், எல்லாம் புத்தம் புதுசு. இனிமே டிவி கேக்கலேன்னு சொல்லவே மாட்டார்."

"நீ எப்ப வர?"

"முதல்ல அதை மாட்டு பாப்பா. நான் சொல்லச் சொல்ல செய். ரொம்ப ஈஸி."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். மணி ரெண்டுதானே ஆகுது? ரிசீவர்ல எல்லா செட்டிங்கும் நானே பண்ணி, கேட்டுப் பாத்து, அப்பறம்தான் பேக் பண்ணினேன். நீ வயரை மட்டும் மாட்டு. மெனு பக்கமே போகாத. சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல. அவ்வளவுதான்."

ஒரு நாளைக்கு இருநூறு ரத்தக் குப்பிகளைப் பெயர் மாறாமல் பார்க்கிறவளுக்குச் சிவப்பும் கறுப்பும் சொல்லிக்கொடுத்தான்.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. போனை மூடாமல் பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் உண்டு. "அந்தப் பழசு போய்ச் சேந்துடுச்சா? அப்பாடா. நம்ம ஹாலே இப்பத்தான் ஹால் மாதிரி இருக்கு."

அண்ணன் சட்டென்று இருமினான். "அவ வேற ஏதோ சொல்றா. நீ வேலையைப் பாரு, அப்பறம் கூப்பிடறேன்."

ஸ்பீக்கரை வெளியே இழுத்துத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு குழந்தை ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர். அடிப்பக்கம் தூசி. புத்தம் புதுசு! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? என் மதி பதினெட்டு வருஷமாக லேபில் இருந்தது, வேறென்ன.

கோபத்தில் செய்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்வேன். அது என் கெட்ட குணம், அதனால்தான் எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. டிவிக்கு இரண்டு பக்கமும் டவர்களை நிறுத்தினேன். வயரின் நுனியைச் சீவி, மூன்றாவது பெட்டியில் வந்த, சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்புகிற ரிசீவரின் பின்னால் இடது, வலது என்று எழுதியிருந்த திருகுகளில் செருகி முறுக்கினேன். மறுமுனையை டவர்களில். பவர்டு ஸ்பீக்கர் என்பதால் ரிசீவரிலிருந்து போகும் வயர் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கரண்ட்டும் வேண்டும். அடியில் கனத்த சத்தம் போடுகிற பாகத்துக்கு உள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபயர். இதை அவன் சொல்லவே இல்லை. பின்னால் பிளக் துளையைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். இடது பக்கம் பிளக் பாயின்ட் இல்லை. சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவந்து கொடுத்தேன். என் லேப்டாப்பை ரிசீவருக்கும், ரிசீவரை டிவிக்கும் இணைத்தேன். முட்டி தேய்ந்து எழுந்தபோது மணி மூன்றரை.

அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவர் ஓரமாக, முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பையனைப் போல நேராக உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் ஒரு பழைய படத்தை ஓடவிட்டேன். குடும்பச் சண்டைக் காட்சி. கதவு அறைந்தது, ஹால் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பின்னணி இசை பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "கேக்குது! கேக்குது!" என்றார்.

பிறகு திரையில் மாமனார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மருமகள் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். வயலின் கேட்டது, மழை கேட்டது, தெருவில் போன லாரிகூடக் கேட்டது. மனிதர்கள் மட்டும் ஊமை.

"என்ன சொல்றா அவ?" என்றார் அப்பா.

"எனக்கும் கேக்கலப்பா!"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் பயம் வந்தது. "உனக்கும் போயிடுச்சா?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வயரை மாத்தி மாட்டியிருப்ப. எடுத்துட்டு மறுபடி மாட்டு. என் வீட்ல தெள்ளத் தெளிவா கேட்டுச்சு" என்றான். மறுபடி மாட்டினேன். மாமனார் இன்னும் ஊமை. மறுபடி கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

'என் வீட்டில் கேட்டது' என்ற அந்தச் சொல்தான் எனக்குள் உறுத்தியது. லேபுக்கு வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மெஷின் வந்தால் நாங்கள் முதலில் செய்வது, அது அந்த இடத்தில் கற்றுக்கொண்டதை எல்லாம் அழிப்பதுதான். அந்த இடத்துத் தண்ணீர் வேறு, வெப்பம் வேறு. அதை அழிக்காமல் ஓட்டினால், நன்றாக இருப்பவருக்கு நோய் என்று எழுதிக்கொடுக்கும். மெனு பக்கமே போகாதே என்றான் அல்லவா? நேராக மெனுவுக்குப் போனேன்.

அவன் வீடே அதற்குள் இருந்தது. இடது ஸ்பீக்கர், பதினான்கு அடி தூரம். எங்கள் ஹாலே பதினோரு அடிதான். பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு, இருக்கின்றன. சென்டர் ஸ்பீக்கர், இருக்கிறது. அவன் வீட்டில் டிவிக்குக் கீழே நீளமாக ஒன்று வைத்திருப்பான், போட்டோவில் பார்த்திருக்கிறேன். படத்தில் பேச்சை எல்லாம் அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் ரிசீவர் அனுப்பும். அவன் அதை அங்கேயே வைத்துக்கொண்டு டவர்களை மட்டும் அனுப்பியிருக்கிறான். இந்த மெஷினுக்கு அது தெரியாது. நடுவில் ஒருத்தன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு, மனிதர்கள் பேசுவதை எல்லாம் ஒன்றுவிடாமல் இல்லாதவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தரையில் உட்கார்ந்து அதையே வெறித்தேன். எங்கள் குடும்பத்தை யாரோ படம் வரைந்து கையில் கொடுத்ததுபோல் இருந்தது. இந்த வீட்டில் என்ன நடந்தாலும் "பெரியவன்கிட்ட கேட்டியா?" "பெரியவன் என்ன சொல்றான்?" இதுதான் பேச்சு. பக்கத்தில் நிற்பவள் வெறும் வயர்.

வயர் என்றேன், அதுவும் பொய் சொல்கிற வயர். எங்கள் வீட்டில் அண்ணன் பேசியதை அப்படியே அப்பாவிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. அம்மா ஆரம்பித்துவைத்தது அது. அவளுக்குப் பிறகு நான். "அவர்கிட்ட போனைக் குடுத்துடாதே, கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிடுது" என்பான் அவன். நான் அப்பா பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு கேக்கறான்பா!" என்று கத்துவேன். "இந்த வருஷமும் வர முடியாது, வேற எடத்துக்கு டூர் போறோம்" என்பான். "லீவு தர மாட்டேங்கறாங்களாம், வருத்தப்படறான்பா!" என்பேன். இத்தனை வருஷம் பூசி மெழுகியதில் என் கைதான் தேய்ந்தது. அவன் அப்பா மனதில் பளபளவென்று இருக்கிறான்.

சென்டர் ஸ்பீக்கர், இல்லை என்று மாற்றினேன். பின்பக்கம், இல்லை. தூரத்தை டேப்பால் அளந்து ஏழு அடி என்று போட்டேன். பேச்சு இப்போது இரண்டு டவர்களுக்கும் பிரிந்து போனது. படத்தை மீண்டும் ஓடவிட்டேன்.

"இந்த வீட்டுக்குள்ள நீ காலடி வெச்ச நாள்லேர்ந்து எனக்கு நிம்மதியே இல்ல!" என்று மாமனார் ஹாலின் நடுவே நின்று கர்ஜித்தார்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் கண்கள் பெரிதாயின. "இவன் என்ன இப்படிப் பேசறான் மருமகளை!" என்றார். யாரிடமும் கேட்காமல், அவராகவே கேட்டு, அவராகவே கோபப்பட்டார். எத்தனை வருஷமாயிற்று அப்படிப் பார்த்து! அண்ணன் மேல் இருந்த ஆத்திரம்கூட அரை நிமிஷம் தணிந்தது. அரை நிமிஷம்தான்.

அப்போது லேப்டாப்பில் அழைப்பு வந்தது. வீடியோவில் அண்ணன். எடுத்தேன். அவன் முகம் டிவி முழுக்க நிறைந்தது; குரல் இரண்டு டவர்களிலிருந்தும் வந்தது. லேப்டாப் டிவி பக்கத்தில் இருந்தது. அதன் கேமராவில் நான் மட்டும்தான் தெரிவேன். அப்பா சுவர் ஓரம்.

"என்ன, சரியாயிடுச்சா? நான்தான் சொன்னேனே வயர்தான்னு."

"வயர் இல்ல. உன் செட்டிங். அதை விடு. மணி நாலு தாண்டிடுச்சு. வரியா, இல்லியா?"

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பாப்பா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்? அவருக்கு ஒண்ணும் கேக்காது. நாள் முழுக்க எதிர்ல உக்காந்து அவர் மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கணுமா? அவர்கிட்ட பேசறதும் ஒண்ணு, சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணு."

அப்பாவின் தலை மெல்ல நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. ஒரு பொத்தான் அழுத்தினால் போதும், சத்தம் நின்றுவிடும். பிறகு வழக்கம்போல் திரும்பி, 'சௌக்கியமான்னு கேக்கறான்பா' என்று கத்தியிருக்கலாம். கட்டை விரல் அதன் மேலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை. தெரிந்தேதான் அழுத்தவில்லை.

"நீதானே வரேன்னு சொன்ன?" என்றேன்.

"சொன்னேன். நீ ஆசையா கேட்ட, சொன்னேன். அதுக்குத்தான் இப்ப இவ்வளவு செலவு பண்ணி ஸ்பீக்கர் அனுப்பியிருக்கேன்ல? படத்தைப் போட்டுவிட்டா அவர் பாட்டுக்குக் கிடப்பார். அப்பறம் இன்னொண்ணு, நான் வந்து ஆறு மாசம் இருந்தா, திரும்பும்போது அவரும் என்கூடக் கிளம்பிடுவார். இங்க அதெல்லாம் சரிப்பட்டு வராது, உனக்கே தெரியும். ட்ரெயினிங் அடுத்த வருஷம் போயேன், ஓடியா போயிடும்? அவர்கிட்ட வழக்கம்போல ஏதாவது சொல்லி வை. எனக்கு வேலை ஜாஸ்தி, அப்படி இப்படின்னு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

நாற்காலி தரையில் தேய்ந்தது. அப்பா எழுந்து, கேமரா முன்னால் வந்து நின்றார்.

"பெரியவனே."

டிவியில் அண்ணன் முகம் வெளிறிப்போனது. "அப்பா... நீங்க அங்கதான்... கேட்டுச்சா?"

"சுவத்துக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு." அப்பாவின் குரல் எப்போதும்போல் உரக்கத்தான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "நீ வர வேணாம். கீழ்வீட்டுல சமைக்கற அம்மாகிட்ட சாப்பாட்டுக்குச் சொல்லிக்குவேன். கால் வலிச்சா உக்காருவேன். இவ போறா."

"அப்பா, நான் அப்படிச் சொல்ல வரல..."

"போனை வை."

அவன் வைக்கவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். நான்தான் துண்டித்தேன். டிவி நீலமாயிற்று.

நியாயமாகப் பார்த்தால் அப்போது அப்பா என் தலையைத் தடவியிருக்க வேண்டும். 'இத்தனை நாள் உன்னைப் புரிஞ்சுக்கலியேம்மா' என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தானே அந்தப் பொத்தானை அழுத்தாமல் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒன்றும் இல்லை. அண்ணனிடம் காட்டாத கோபம் அத்தனையும் அதில் இருந்தது.

"வழக்கம்போலன்னா என்ன?"

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"உன்னைத்தான் கேக்கறேன். உனக்கு நல்லா வரும்னானே, என்ன வரும்? சாப்பிட்டீங்களான்னு கேக்கறான், வருத்தப்படறான், அடுத்த மாசம் வரான். இதெல்லாம் அவன் சொன்னதா, நீ சொன்னதா?"

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்பா!"

"எனக்குக் காதுதான் போச்சு. அறிவுமா போச்சு? அவன் என்னை சுவருன்னு நெனச்சான். நீ? நீ என்னவாம்? நீயும் சுவருன்னுதானே நெனச்சு உன் இஷ்டத்துக்குப் பூசியிருக்க?"

எனக்கும் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கத்திக் கத்திச் செத்தவள் நான், திட்டும் எனக்கா? "ஆமா! பூசினேன்! இல்லேன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? தெனமும் அழுதிருப்பீங்க!"

"அழுதிருப்பேன். அப்பறம் எழுந்து சாப்பிட்டிருப்பேன்." நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மூச்சு வாங்கியது. "உங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, வண்டி கெடைக்கல, ஸ்டேஷன்லயே உக்காந்து அழறான்னு சொன்னியே. அழுதானா?"

ஆறு வருஷமாக அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மா போனதற்கு மறுநாள் அவன் வந்தபோது அப்பா அவனைக் கட்டிக்கொண்டு, 'நீ என்னடா பண்ணுவ, வண்டி கெடைக்கலேன்னா' என்று சொல்லி அவனைத் தேற்றினார். தேற்றுவதற்கு ஆளில்லாமல் நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அழல" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "அழலப்பா! ஸ்டேஷனுக்கே போகல! வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சுட்டு வரேன்னான்! அம்மா புதன்கிழமை போயிட்டா!"

என் குரல் ஹாலில் மோதித் திரும்பியது. கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா தலையை ஆட்டினார், ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. அழவில்லை.

"டீ ஆறுதுன்னு கத்துவ. மாத்திரை போடுன்னு கத்துவ. செருப்பை வெளிய விடுன்னு கத்துவ" என்றார். "இதையும் கத்தியிருக்கலாம்ல?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி என்ன?"

"நாலரை!"

"அந்த மெயிலை அனுப்பிட்டு வா. எனக்கு இன்னும் கேக்கறதுக்கு இருக்கு."

லேப்டாப்பில் மெயிலைத் திறந்து, வருகிறேன் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி எழுதக் கை ஓடவில்லை. அனுப்பினேன். நிமிர்ந்தபோது அப்பா ரிசீவரை அணைத்திருந்தார். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்து, மற்றதைக் காட்டினார்.

"மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."

உட்கார்ந்தேன். கத்த ஆரம்பித்தேன்.